பழுப்புக் கோடு

8 பிப்ரவரி 1943, திங்கள்

‘என் தந்தையின் தொழில்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான்காம் பாரத்தில் யாரும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. நான் மட்டும் நான்கு பக்கம் எழுதினேன். எஸ்தர் டீச்சர் முதல் பக்கத்தைப் படித்ததுமே நோட்டை மூடிவிட்டார்.

“தெய்வானை, யுத்தம் நடக்குது. ஃபாக்டரிக்குள்ள நடக்கிறதை எல்லாம் எழுதக்கூடாது. உங்கப்பா தோட்டக்காரர்னு எழுதிக் குடு.”

அப்பா ரோஜாச் செடிக்கு எரு வைப்பதாக எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு எட்டு! பொய்க்கு எட்டு மார்க் கிடைக்கிறது. உண்மையை எழுதவும் ஓர் இடம் வேண்டுமே, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சோலைமட்டத்தில் எல்லாருக்கும் மருந்து ஃபாக்டரியில்தான் வேலை. நோய்க்கு மருந்தல்ல, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்து. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து, திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து அலசி, வேறு சரக்குகளோடு பிசைந்து, சேமியா பிழிவதுபோல் பிழிந்து காயவைப்பார்கள். அதன் பெயர் கார்டைட். அலசல் சரியில்லாமல் உள்ளே அமிலம் தங்கிவிட்டால், பெட்டிக்குள் கிடக்கும்போதே அது மெல்லக் கெடும். கெடக் கெடச் சூடேறும். ஒருநாள் யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும்.

அப்படி ஆகாமல் பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (ஒரே தடவையில் செய்யும் சரக்குக்கு லாட் என்று பெயர்) கொஞ்சம் பொடித்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சுடுநீர்த் தொட்டியில் இறக்குவார். குழாய்க்குள் ஒரு சின்னக் காகிதம் தொங்கும். அதில் ஏதோ ரசாயனம் தடவியிருக்கும். பாதிக் காகிதத்தை மட்டும் நனைத்திருப்பார்கள். கார்டைட்டிலிருந்து கெட்ட ஆவி கிளம்பினால், ஈரமும் உலர்வும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு விழும். முடியைவிட மெலிசு. அது கண்ணில் பட்டதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கோடு சீக்கிரம் விழுந்தால் லாட் கெட்டது. தாமதித்து விழுந்தால் நல்லது.

முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர். இன்னொருவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் இப்போது அப்பா மட்டும்தான். ‘எங்கள் ஊரே என் தந்தையின் கண்களை நம்பித் தூங்குகிறது’ என்று என் கட்டுரையை முடித்திருந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

17 பிப்ரவரி, புதன்

இன்று அப்பாவின் பிரிவுக்கே பெருமை. சமீபத்தில் வந்த லாட்டெல்லாம் முன் எப்போதையும்விட அதிக நேரம் தாங்குகிறதாம். கோடு விழுவதற்கே மனமில்லாததுபோல் தாமதமாக விழுகிறதாம். ஃபாக்டரித் துரை ஜிலேபி வாங்கிக் கொடுத்தாராம். கெமிஸ்ட் கோபால ராவ் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். இதையெல்லாம் சொன்னது அப்பா இல்லை. லூர்துமேரியின் அப்பா சவரிமுத்து மாமா.

லூர்து என் வகுப்பு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ். அவள் அப்பாவுக்கு மேகசினில் வேலை. டெஸ்டில் தேறிய பெட்டிகளை அடுக்கிவைக்கும் கிடங்குதான் மேகசின். மலையைக் குடைந்து, மேலே மண் மூடிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தால் அதன் இரும்புக் கதவு தெரியும்.

“அண்ணே, நீங்க நல்லாருக்குன்னு சொல்லி அனுப்புறீங்க. நான் அது மேல சாஞ்சுக்கிட்டே ஜெபமாலை சொல்றேன்,” என்றார் சவரிமுத்து மாமா. “கெட்டுப்போனதை அனுப்புனீங்கன்னா நேரா பரலோகத்துக்கே டிக்கெட். அங்க எனக்கு இடம் இருக்கோ என்னமோ!”

அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா தன் ஜிலேபியை எனக்குக் கொடுத்துவிட்டார். பல்வலியாம்.

18 பிப்ரவரி, வியாழன்

அப்பா இப்போதெல்லாம் சைக்கிளில் போவதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லதாம்.

28 பிப்ரவரி, ஞாயிறு

அப்பா ஒரு புதிய விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். சர்க்கரையைக் கரண்டியில் போட்டுக் கருக்கி, தண்ணீரில் கரைத்து, இறகால் காகிதத் துண்டுகளில் கோடு போடுவது. ஒன்றில் அழுத்தமாக, அடுத்ததில் கொஞ்சம் மங்கலாக, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்பதுபோல. டெஸ்ட் ரூமிலும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் காகிதத்தில் கருக்கிய சர்க்கரையால்தான் கோடு போடுவார்களாம்.

அம்மாவுக்கு ஆத்திரம். “ஏனுங்க, ரேஷன் சக்கரையப் போயி இப்படிக் கரிக்கறீங்களே! நாளைக்குக் காப்பிக்கு என்ன பண்றது, உங்க கோட்டக் கரைச்சுக் குடிக்கறதா?”

துண்டுகளைக் கலைத்து நான் ஒவ்வொன்றாக நீட்டவேண்டும். கோடு எங்கே என்று அப்பா சொல்லவேண்டும். பிறகு அவர் நீட்ட நான் சொல்லவேண்டும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விளையாடினோம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா அழுத்தமான இரண்டை மட்டும்தான் சொன்னார்.

“என்னங்கப்பா, விட்டுக் குடுக்கறீங்களா?”

“ஆமா அம்மிணி. நீயே ஜெயிச்சுக்கோ.”

எனக்கு அப்படி ஜெயிப்பது பிடிக்காது. அவரிடமே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டினேன். என் உச்சரிப்பு திருந்துவதற்காக இப்போது தினமும் என்னைத்தான் படிக்கச் சொல்கிறார்.

7 மார்ச், ஞாயிறு

அலசலைக் குறைத்துவிட்டார்கள். லாட்டெல்லாம் இவ்வளவு நேரம் தாங்குவதால், பஞ்சை இத்தனை தடவை கொதிக்கவைப்பது வீண் என்று மேலே முடிவு செய்திருக்கிறார்களாம். யுத்தத்துக்குச் சரக்கு அவசரம்.

அப்பா ராவிடம் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ராவ், “என்ன சென்னியப்பன் இது? உங்க டெஸ்ட்தானே சொல்லுது, சரக்கு தங்கம்னு. நீங்களே வந்து வேண்டாம்னா எப்படி?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று அம்மா கேட்டாள்.

“என்னத்தச் சொல்றது?”

அப்பா சாப்பிடாமலே எழுந்துவிட்டார். போகும்போது தண்ணீர்ச் செம்பு காலில் பட்டு உருண்டது. அதை நடுக்கூடத்தில் வைத்ததற்கு நான் திட்டு வாங்கினேன். அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

16 மார்ச், செவ்வாய்

வெயில் தொடங்கிவிட்டது. மலையில் இருந்துகொண்டு இப்படி வேர்ப்பது புதிது. தலைநகரங்களை மனப்பாடம் செய்தேன். கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

மாலையில் சவரிமுத்து மாமா வந்தார். இன்று வேடிக்கைப் பேச்சு இல்லை. மேகசினில் கடைசி அறையில் புதுப் பெட்டிகள் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். ராவிடம் சொன்னாராம். அவர் ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டு, இந்த லாட் மிக நன்றாகத் தாங்கியிருக்கிறது, இது வெயில் சூடு என்றாராம்.

“அவரு சொல்றதும் சரியாத்தான் இருக்கும். நீங்க பார்த்த லாட்டுதானேண்ணே?” என்றார்.

“ஆமா,” என்றார் அப்பா.

“அப்ப சரி.”

மாமா போய் வெகுநேரம் ஆகியும் அப்பா வாசலிலேயே நின்றார். கொசு கடிக்கும், உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன்.

19 மார்ச், வெள்ளி

நான் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் அப்பாவும் அம்மாவும் பேசினார்கள். என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ. அம்மா, “இன்னும் ரெண்டே வருசமுங்க, அவ ஆறாம் பாரம் முடிச்சறட்டும். குவார்ட்டர்ஸ விட்டு ஊருக்குப் போனா அங்க அஞ்சாங் கிளாசுக்கு மேல என்ன இருக்குது? எங்கண்ணன் பையனுக்குக் கட்டி வைங்கம்பாங்க,” என்றாள்.

அப்பா சொன்னது சரியாகக் கேட்கவில்லை. “லாட்டத் திரும்பப் பாருங்கன்னு நான் சொன்னா, ராவ் ஏன்னு கேப்பாரு” என்பது மட்டும் காதில் விழுந்தது.

பூகோளத்தில் இன்னும் இரண்டு பாடம் பாக்கி.

20 மார்ச், சனி

கோடு தாமதமாகத் தெரிந்தால் லாட் நல்லது என்று எழுதியிருக்கிறேன். தாமதமாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

21 மார்ச், ஞாயிறு

இன்று அப்பாவே, “அந்தக் காயிதத் துண்டெல்லாம் எடுத்துட்டு வா அம்மிணி, ஒரு தடவை பாப்போம்,” என்றார். நல்ல பகல் வெளிச்சம். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளையாடுகிறவர் மாதிரி உட்காரவில்லை, பரீட்சைக்கு உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

எந்தச் சோதனையிலும் ஒன்றை எதுவும் செய்யாமல் ஒப்பிட வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் கோடே போடாத ஒரு துண்டையும் நான் சேர்த்துக்கொண்டேன். அதைத்தான் முதலில் நீட்டினேன்.

அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். தலைகீழாகத் திருப்பினார். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

“இருக்குது,” என்றார். “நடுவுக்குக் கொஞ்சம் மேல. மங்கலாத்தான் இருக்குது. ஆனா இருக்குது.”

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “சரியாச் சொல்லீட்டீங்கப்பா.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “பாவாயி! இங்க வா! பாத்தியா, அந்த மங்கலானதச் சொல்லீட்டேன்!” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளும் சிரித்தாள். கண்ணில் நீர்.

“நாளைக்கு ராவ்கிட்டப் போயிச் சொல்லீரலாம்னு இருந்தேன்,” என்று அப்பா அவளிடம் மெதுவாகச் சொன்னார். “வேண்டியதில்ல. அது வெயில் சூடுதான்.”

மற்ற துண்டுகளை நான் நீட்டவில்லை. படிக்க வேண்டும் என்று எழுந்துவந்துவிட்டேன். இரவு அம்மா சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்தாள்.

22 மார்ச், திங்கள்

லூர்து மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்கு இப்போது இரட்டை ஷிஃப்ட். கடைசி அறையிலேயே உட்கார்ந்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“எங்கம்மா பயப்படுறாங்கடி. எங்கப்பா சொல்றார், சென்னியப்பண்ணன் பார்த்த சரக்கு, பயப்படாதன்னு.”

மீன் குழம்பு. பாதியை எனக்குத் தந்தாள். தொடாமல் தள்ளிவைத்தேன். முள் என்று சொன்னேன்.

சரித்திர வகுப்பில் ஜன்னல் வழியாக இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்கு முதல் முறையாக எனக்குப் பதில் தெரியவில்லை.

24 மார்ச், புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

நேற்றுக் காலை அப்பா, பொறி பறக்காமலிருக்க ஆணி இல்லாமல் தைத்த ஃபாக்டரிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்த இரண்டாவது செருப்பைக் காலால் தேடுவதை நான் பார்த்தேன். அது அவர் முன்னாலேயே கிடந்தது.

“அப்பா, ஞாயித்துக்கிழமை நீங்க பாத்தீங்களே ஒரு காயிதம்.”

“எது?”

“கோடு இருக்குதுன்னீங்களே. அதுல ஒண்ணுமே இல்லீங்கப்பா. வெறுங் காயிதம்.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“சரின்னு சொன்னயே?” என்றார் அப்பா.

“நீங்க…” என்று தொடங்கினேன்.

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா என்னை அடித்ததே இல்லை. ஆனால் நேற்று அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கண்களைக் கையால் பொத்தியபடி இருந்தார். பிறகு எழுந்தார்.

“வா அம்மிணி. என்னைக் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போ.”

அம்மா வாசற்படியில் குறுக்கே வந்து நின்றாள். “ஏனுங்க, புள்ளையோட படிப்பு?”

“அந்தப் பள்ளிக்கூடமும் மேகசினுக்குப் பக்கத்துலதான் இருக்குது பாவாயி.”

அம்மா விலகிக்கொண்டாள்.

வழியில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “தண்டவாளம்”, “பள்ளம்”, “மாட்டு வண்டி” என்று சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். அப்பா குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை மாதமும் இப்படித்தான் சமாளித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கேட்டில் வழக்கம்போல் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். அப்பா உள்ளே போகவில்லை. ராவை அழைக்கச் சொன்னார். ராவ் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

“என்ன சென்னியப்பன், மகளை வேலைக்குச் சேர்க்கணுமா?”

“சார், எனக்குக் கோடு தெரியறதில்லீங்க.”

“எந்த லாட்ல?”

“எந்த லாட்லயுமே தெரியறதில்லீங்க. நல்லா அழுத்தமா வந்த பெறகுதான் கண்ணுக்குத் தட்டுப்படுது.”

ராவின் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரமாயிற்று. “எப்பலேர்ந்து?”

“துரை ஜிலேபி குடுத்தாருங்களே, அதுக்கும் முன்னாலேர்ந்துங்க.”

ராவ் திட்டவில்லை. ஒரு கணம் மேகசின் பக்கம் பார்த்தார். பிறகு ஓடினார். கோட்டு அணிந்த ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வகுப்பு முடிவதற்குள் சங்கு ஊதியது. ஷிஃப்ட் சங்கு இல்லை, விடாமல் ஊதும் சங்கு. எங்களையெல்லாம் மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகள் விடுமுறை என்று கும்மாளம் போட்டார்கள். முகட்டின் மேல் நின்ற காவலாள் கீழே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி அறையின் பெட்டிகளை வெளியே எடுக்கிறார்கள். குலுங்கக்கூடாது என்பதால் தள்ளுவண்டி கிடையாது, ஆள்தான். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் குளத்தில் அமிழ்த்துகிறார்கள். உள்ளே அடுக்கு தெரிந்தவர் சவரிமுத்து ஒருவர்தான் என்பதால் அவரே எடுத்து எடுத்து நீட்டுகிறார்.

லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. “உங்கப்பாதான் கண்டுபிடிச்சாராமே? நல்லவேளைடி,” என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. நான் என் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்குமேல் காவலாள் திடீரென்று பேச்சை நிறுத்தினார். முகட்டுக்கு மேலே செம்பழுப்பாகப் புகை எழுந்தது. எஸ்தர் டீச்சர் எங்களைக் குப்புறப் படுக்கச் சொன்னார். புல்லில் முகம் புதைத்துக் கிடந்தோம். லூர்து, “மாதாவே, மாதாவே” என்றாள். நானும் சொன்னேன்.

எதுவும் வெடிக்கவில்லை. நாங்கள் எழுந்து பார்த்தபோது புகை கரைந்துகொண்டிருந்தது. மாலையில் விட்டு விட்டுச் சங்கு ஊதி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

புகைந்தது கடைசியாக எடுத்த பெட்டி. அதைக் கீழே போட்டுவிட்டு ஓடாமல் குளம் வரைக்கும் சவரிமுத்து மாமா தூக்கிக்கொண்டு போனாராம். இரண்டு கையும் வெந்துவிட்டன.

27 மார்ச், சனி

அந்த லாட்டை ராவே டெஸ்ட் செய்தாராம். குழாயை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் கோடு விழுந்துவிட்டதாம். மற்ற லாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறார்கள். அலசலைப் பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

துரை முன்னால் விசாரணை நடந்தது. தானாக வந்து சொன்னதால் போலீஸில் ஒப்படைக்கவில்லை. வேலை போய்விட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோயமுத்தூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, தாராபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போகிறோம்.

லூர்துவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

3 ஏப்ரல், சனி

அம்மாவும் நானும் பாத்திரங்களை மூட்டை கட்டினோம். எஸ்தர் டீச்சர் டி.சி.யைக் கொடுத்துவிட்டு, “தாராபுரத்துல ஹைஸ்கூல் இருக்கு, தெய்வானை. எவ்வளவு தூரமானாலும் நடந்து போ. நான் உங்கம்மாகிட்டப் பேசுறேன்,” என்றார். பேசினார். அம்மா பார்ப்போம் என்றாள். நான் நடப்பேன்.

4 ஏப்ரல், ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். வளைவுக்கு வளைவு எழுத்து கோணுகிறது.

விடிகாலையில் பனிமூட்டம். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பெரிய டிரங்குப் பெட்டியைப் பஸ் நிற்கும் இடம் வரை யார் தூக்குவது என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போது பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தார். குனிந்து பெட்டியைத் தலைக்கு ஏற்றச் சொல்லிச் சைகை காட்டினார். நானும் அம்மாவும் ஏற்றிவிட்டோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். நான் அப்பாவை அழைத்துக்கொண்டு பின்னால் போனேன். கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றியதும் அப்பா மடியிலிருந்து காசு எடுத்தார்.

“இந்தாப்பா, உன்ற கூலி. கைய நீட்டு.”

அந்த ஆள் நீட்டவில்லை. அப்பா தடவிக் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் துணிக்கட்டின் மேல் நின்றுவிட்டன.

“கையில என்னப்பா கட்டு?”

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“யாரு அம்மிணி இது?”

அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

“சவரிமுத்து மாமாங்கப்பா,” என்றேன்.

அப்பா சட்டென்று கையை விட்டு ஓர் அடி பின்வாங்கினார். காசு கீழே விழுந்தது. மாமா அதை எடுப்பதற்காக இந்தப்பக்கம் நகர்ந்துவிட்டார். அப்பாவுக்கு அது தெரியவில்லை. முன்பு அவர் நின்ற இடத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். அவருடைய உதடுகள் அசைந்தன. அங்கே பஸ்ஸின் சக்கரம்தான் இருந்தது.

நான் அப்பாவின் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டேன்.

சவரிமுத்து மாமா வெகுநேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா கட்டுப்போட்ட கையை அப்பாவின் முழங்கைக்குக் கீழே கொடுத்தார்.

“பாத்து ஏறுங்கண்ணே,” என்றார். “படி உசரம்.”